நுண்ணறிவு ஈவு: எதை எதால் வகுத்தது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருவில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி, மகனுக்கு எடுத்த சோதனையின் அறிக்கையோடு வந்தார். 'ஐ.க்யூ. 92, சராசரி' என்று இருந்தது. "நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு வாங்கிருக்கான். அப்புறம் எதுக்குங்ணா சராசரின்னு எழுதியிருக்காங்க?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. 'இன்டெலிஜென்ஸ் கோஷன்ட்' என்பதன் சுருக்கமான ஐ.க்யூ. என்ற இரண்டு எழுத்துகள் எதையும் சொல்வதில்லை. பாடநூல்களில் வரும் 'நுண்ணறிவு ஈவு' என்ற பெயரைப் போட்டிருந்தால், வகுத்தல் கணக்கில் ஈவும் மீதியும் எழுதிப் பழகியவர், "எதை எதால் வகுத்ததுங்ணா?" என்றாவது கேட்டிருப்பார். சரியான கேள்வி அதுதான்.

முதலில் 'ஈவு'. பள்ளியில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய 1905-இல் பாரிஸில் ஆல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் ஒரு சோதனையை அமைத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை, பத்து வயதுப் பிள்ளைகள் செய்வதைச் செய்தால் அதன் மனவயது 10. அந்த மனவயதை உண்மை வயதால் வகுக்கச் சொன்னவர் ஜெர்மானியரான வில்லியம் ஸ்டெர்ன், 1912-இல். 1916-இல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்கினார். 10-ஐ 8-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 125. பெயர் பிறந்த கதை இவ்வளவுதான். பினே இதைக் காண இருக்கவில்லை. 1911-லேயே காலமாகிவிட்டார். ஒரு குழந்தையின் அறிவு இனி வளரவே வளராது என்று முடிவு கட்டுவதை அவர் கடுமையாக எதிர்த்தவர் என்பதை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

இந்த வகுத்தல் பெரியவர்களிடம் செல்லவில்லை. நாற்பது வயதுக்காரரின் மனவயது என்று எதைச் சொல்வது? அதனால் 1939-இல் டேவிட் வெக்ஸ்லர் வகுத்தலையே விட்டுவிட்டு, ஒருவரை அவருடைய வயதினரோடு மட்டும் ஒப்பிட்டார். அந்த வயதினரின் சராசரிக்கு 100 என்று பெயர். மூன்றில் இரண்டு பங்குப் பேர் 85-க்கும் 115-க்கும் இடையில் வருவார்கள். ஆக, இன்று ஈவு என்பது பெயரில் மட்டும்தான் இருக்கிறது.

தம்பிக்கு அவர் தொழிலை வைத்தே சொன்னேன். வெள்ளிக்கு டச் 80 என்றால் நூறு பங்கில் எண்பது பங்கு வெள்ளி. பக்கத்துப் பட்டறை வெள்ளி எப்படி இருந்தாலும் அது மாறாது. ஐ.க்யூ. அப்படியல்ல, அது வரிசையில் நிற்கும் இடம். 92 என்றால் அவன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் ஏறத்தாழ 30 பேர் அவனுக்குப் பின்னால், 70 பேர் முன்னால்.

இனி 'நுண்ணறிவு'. ஆங்கிலச் சொல்லான இன்டெலிஜென்ஸ், 'இடையே' என்றும் 'பொறுக்கு' என்றும் பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்கள் சேர்ந்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துப் பெண்கள் ஒரே கொத்தில் பச்சைக் காயை விட்டுப் பழத்தை மட்டும் பறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேர்ப்பொருள் உடனே விளங்கும். நுண்மை என்ற நம் சொல்லும் அதே பக்கம்தான் போகிறது. வேறுபாட்டை நுணுகிக் காணும் அறிவு அது. 'நுண்மாண் நுழைபுலம்' என்று குறள் 407 சொல்வதும் நுணுகி நுழையும் அறிவைத்தான். வெறும் 'அறிவு' என்று எழுதினால் படித்துச் சேர்த்ததும் அதில் கலந்துவிடும். புதுச் சிக்கலை அவிழ்க்கும் திறன் வேறு, சேர்த்து வைத்த அறிவு வேறு என்று உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் பிரித்ததே அதற்காகத்தான். எங்கள் ஊர்ப் பேச்சில் 'வெவரம்' என்பது உலக நடப்பைச் சொல்லும். 'சூட்டிகை' குழந்தையின் சுறுசுறுப்பையும் சேர்த்துச் சொல்லும். இரண்டும் நல்ல சொற்கள், ஆனால் சோதனை அளப்பது அவற்றையல்ல.

அளப்பது ஒன்றையா, பலவற்றையா என்பதில் உளவியலாளர்களுக்கே வழக்கு உண்டு. ஒரு பாடத்தில் தேறுகிற பிள்ளை மற்றவற்றிலும் தேறுவதைக் கண்டு, பின்னே ஒரு பொதுக் காரணி இருக்கிறது என்றார் ஸ்பியர்மன், 1904-இல். 1938-இல் தர்ஸ்டன் ஏழு திறன்களாகப் பிரித்தார். இசை, உடலசைவு வரை கார்ட்னர் 1983-இல் விரித்தது ஆசிரியர்களுக்குப் பிடித்தது. ஆனால் அதற்கு அளந்து காட்டிய சான்று மெலிவு என்பதே என் எண்ணம்.

காவல்துறையின் 'நுண்ணறிவுப் பிரிவு' வேறு பொருள். அங்கே செய்தி சேகரிப்பதுதான் வேலை, 'உளவு' என்பதே பொருந்தும்.

எண்ணை மட்டும் எழுதுவதும் போதாது. பல நாடுகளில் இந்தச் சோதனைகளின் மதிப்பெண்கள் தலைமுறைக்குத் தலைமுறை ஏறி வந்ததை ஜேம்ஸ் ஃபிளின் 1980-களில் காட்டினார். அமெரிக்காவில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி. அதனால் சோதனைகளைப் புதுப்பித்துச் சராசரியை மீண்டும் 100-க்குக் கொண்டுவருகிறார்கள். எந்தச் சோதனை, எந்தப் பதிப்பு, அன்று பிள்ளையின் வயது என்ன என்பதை ஈவுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். தம்பி கொண்டுவந்த தாளில் அந்த மூன்றும் இல்லை. கேட்டு எழுதி வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன்.