கார்ட்டூன் எல்லாம் கேலிச்சித்திரமா?

கணினி முன் நாற்காலியில் ஒரு நாய். தரையில் இருக்கும் இன்னொரு நாயிடம் சொல்கிறது: "இணையத்தில் நீ நாய் என்று யாருக்கும் தெரியாது." 1993இல் நியூயார்க்கர் இதழில் பீட்டர் ஸ்டைனர் வரைந்தது. இணையத்தில் முகம் மறைப்பதைப் பற்றி யார் எழுதினாலும் இந்த நாய் வந்துவிடும். தமிழில் எழுதுபவர்கள் அதைப் 'புகழ்பெற்ற கேலிச்சித்திரம்' என்கிறார்கள். கேலி யாரை? நாயையா?

கார்ட்டூனின் மூலம் இத்தாலிய 'கார்த்தோனே', தடித்த தாள். சுவரோவியத்துக்கு முன் அதில் வரையும் மாதிரிக்கும் அதே பெயர். 1843இல் லண்டன் நாடாளுமன்றச் சுவர்களுக்கான மாதிரிகள் காட்சிக்கு வந்தன. லண்டன் நகைச்சுவை இதழான பஞ்ச் அதை நையாண்டி செய்து, ஓவியக் கண்காட்சிக்கு வந்து நிற்கும் ஏழைகளை ஜான் லீச் வரைந்த படத்துக்குக் 'கார்ட்டூன்' என்று தலைப்புக் கொடுத்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

சரி, அது கேலிதான். ஆனால் அதே பஞ்சில் 1895இல் வந்த படத்தில், ஆயர் வீட்டு விருந்தில் கெட்ட முட்டை கிடைத்த இளம் பாதிரியார், "சில பகுதிகள் அருமை" என்று சமாளிக்கிறார். 'பாதிரியாரின் முட்டை' ஆங்கிலத்தில் மரபுத்தொடராகவே ஆகிவிட்டது. சிரிப்பு வருவது அந்தப் பரிதாபமான பணிவைப் பார்த்து. தொல்காப்பியம் நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, நான்கு நிலைக்களன் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கேலி என்பது எள்ளல் மட்டும். மீதி மூன்றை எங்கே கொண்டுபோய் வைப்பது?

'கருத்துப்படம்' என்பார்கள் சிலர். அரசியல் படத்துக்குப் பொருந்தலாம். இரண்டு நாய் பேசுவதற்கு அந்தப் பெயர் வைத்தால் சிரிக்க வந்தவன் உபதேசம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவான். 'கேலிச்சித்திரம் தூய தமிழ்' என்று வாதாடுபவர்களுக்கு ஒரு தகவல்: கேலி, சித்திரம் இரண்டுமே வடமொழி வரவு. எனக்கு அதில் சண்டையில்லை. ஆள் முகத்தைப் பெருக்கி வரையும் கேரிகேச்சருக்கு அந்தச் சொல்லை விட்டுவிடலாம். இதழ் கார்ட்டூனுக்கு நகைச்சித்திரம் போதும். 'நகைப்படம்' வேண்டாம், நகைக்கடை விளம்பரம் என்று நினைத்துவிடுவார்கள்.

போன வாரம் பார்த்த படம் ஒன்றின் சப்டைட்டில்: "குழந்தைகள் கேலிச்சித்திரம் பார்க்கிறார்கள்." டிவியில் பூனை எலியைத் துரத்திக்கொண்டிருந்தது.