திருப்பி வெட்டினால்தான் ஆட்டமா?

வலயமட்டச் சதுரங்கப் போட்டி ஒன்று முடிந்தால் ஒரே மாதிரியான ஆட்டத்தாள்கள் (பிள்ளைகள் நகர்வுகளை எழுதும் தாள்கள்) கையில் சேர்கின்றன. வெள்ளை வெற்றி. பதினைந்து நகர்வுக்குள் கறுப்பு ராஜா பலகை நடுவில் நிற்கும். கிளிநொச்சியோ முல்லைத்தீவோ, தாளில் பெயர் மட்டும்தான் மாறுகிறது.

இத்தாலியத் தொடக்கம் (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் கிடைவரிசை; காயின் பெயர் இல்லையென்றால் சிப்பாய்): இ4 இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, மந்திரி சி4, குதிரை எஃப்6, குதிரை ஜி5. கறுப்பு டி5 தள்ள, வெள்ளைச் சிப்பாய் வெட்டும். உடனே பிள்ளையின் கை தானாக நீண்டு குதிரையால் திருப்பி வெட்டும். வெள்ளை எஃப்7இல் குதிரையைப் பலி கொடுக்கும், ராஜா வெட்டும், ராணி எஃப்3இல் செக். ராஜா ஜி8க்கு ஓடினால் மூன்றே நகர்வில் மேட். இ6க்கு ஏறினால் வெள்ளையின் மற்றக் குதிரை சி3க்கு வரும். அசைந்தால் ராஜாவுக்குச் செக் என்பதால் அசைய முடியாத டி5 குதிரையை மூன்று காய்கள் குறிவைக்கும். 400 ஆண்டுப் பழைய பொறி! துல்லியமாக ஆடினால் கறுப்பு இதிலும் தாக்குப்பிடிக்கப் பார்க்கலாம். கடிகாரம் ஓட ஓட, 12 வயதுப் பிள்ளைக்கு முடியாது.

வெட்டினால் திருப்பி வெட்டவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. ஒரு சிப்பாய் குறைந்தால் ஆட்டம் போய்விட்டது என்று பிள்ளைகளுக்கு யார்தான் சொல்லிக்கொடுக்கிறார்களோ! சி6 குதிரையை ஏ5இல் வைத்து மந்திரியைத் தாக்குங்கள். மந்திரி பி5இல் செக் கொடுத்தால் சி6 தள்ளுங்கள். வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டினால் பி வரிசைச் சிப்பாயால் வெட்டுங்கள் (இங்கே திருப்பி வெட்டலாம், ஏனெனில் மந்திரி மறுபடி ஓடவேண்டும்). பிறகு எச்6, இ4 தள்ள, வெள்ளைக் குதிரையும் அலையும். கொடுத்த சிப்பாய்க்கு இரண்டு மூன்று நகர்வு லாபம்.

இவ்வளவும் நினைவில் நிற்காதா? மூன்றாம் நகர்வில் எஃப்6 குதிரைக்குப் பதிலாக மந்திரியை சி5இல் வையுங்கள். உங்கள் ராணியின் வழி திறந்திருக்கும், ஜி5க்கு வரும் வெள்ளைக் குதிரை சும்மா போகும். எஃப்6 குதிரைதான் அந்த வழியை மறைக்கிறது. ஆசிரியர்மாரே, காரணத்தை விட்டு நகர்வை மட்டும் ஒப்புவிக்கப் பழக்காதீர்கள்.

யோசித்து முடியும்வரை கை மேசைக்குக் கீழே. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். நகர்த்திய பிறகே எழுதுங்கள், முன்கூட்டி எழுதுவது இப்போது தவறு.

பெற்றோரே, துணுக்காயிலிருந்து விடியமுன் பஸ் ஏறிவந்த பிள்ளையை மண்டப வாசலிலேயே "ஏன் தோத்தனி?" என்று கேட்காதீர்கள். ஆட்டத்தாளை மட்டும் பத்திரமாக வாங்கி வையுங்கள், அடுத்த வகுப்புக்கு அது வேண்டும்.