நிழல் குட்டையாகும் நேரம்

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு வயது 41. (ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்று ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பெயரைக் கூப்பிட்டதும் பெஞ்சிலிருந்து எழுந்தார். எழுந்தார் என்றால், முதலில் முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் தொடைமேல் ஊன்றி, ஒரு மூச்சு இழுத்துவிட்டு, கையால் உடம்பைத் தள்ளி நிமிர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழுபது வயது ஆச்சி அதற்குள் எழுந்து மருந்துச் சீட்டோடு வாசலைத் தாண்டியிருந்தார்.

"தரையில உக்காந்தா எந்திக்க முடியல டாக்டரம்மா. காலு ரெண்டுலயும் கல்லக் கட்டிவிட்ட மாதிரி கனக்கு."

இரண்டு வருஷமாக இப்படித்தானாம். முதுகுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. எலும்புத் தேய்மானம் என்று ஒரு இடத்தில் சொல்லி வலி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், சாப்பிடுகிறவரைக்கும் கேட்கும், நிறுத்தினால் பழையபடி. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு இருக்கிறதே, அதன் நடுவில் கட்டைவிரலால் லேசாகத்தான் அழுத்தினேன். "அம்மா!" என்று காலை இழுத்துக்கொண்டார். தேய்மானம் என்றால் மூட்டு வலிக்கும், எலும்பின் நடுவில் தொட்டதற்கு இப்படித் துடிக்க மாட்டார்கள். ரத்தத்தில் வைட்டமின் டி பார்த்தோம். ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறோம், இவருக்கு 6.

சின்னப் பிள்ளைகளுக்கு இது வந்தால் ரிக்கெட்ஸ், கால் வில் மாதிரி வளையும். பெரியவர்களுக்கு எலும்பு வளர்ந்து முடிந்துவிட்டதால் அப்படி வெளியே தெரியாது, கால்சியம் ஏறாமல் உள்ளுக்குள் மெத்தென்று ஆகிவிடும், கூடவே இடுப்புத் தசையும் தொடைத் தசையும் பலமிழக்கும். ஆஸ்டியோமலேசியா என்று பெயர். வெயில் படாததால் வந்தது என்று சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "வெயிலுக்கா பஞ்சம் நம்ம ஊர்ல? வேற ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க."

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பங்குனி, சித்திரையில் தார் ரோட்டில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத ஊர் இது. ஆனால் அவருடைய ஒரு நாளைக் கேட்டுப் பாருங்கள். விடிவதற்கு முன் எழுந்து அடுக்களை. எட்டு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு மடியில் சுளகை வைத்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை பீடி. உட்காருகிற இடம் திண்ணை அல்லது தார்சா, அதாவது நல்ல நிழல். வெயிலில் உட்கார்ந்து சுற்றவும் முடியாது, நனைத்து வைத்த இலை காய்ந்து சுருட்டும்போதே கிழியும். பீடிக்கடைக்குப் போவது வெயில் தாழ. துணி காயப்போடுவது காலை ஆறரைக்கு. மொத்தத்தில் இந்தப் பெண்மணி வெயிலுக்கு நடுவில் இருபது வருஷம் நிழலிலேயே வாழ்ந்திருக்கிறார். முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கத்திலிருந்து என்னிடம் வருகிற பீடி சுற்றும் பெண்களில் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பத்தமடையில் பாய் நெய்கிறவர்களும், அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் கிட்டத்தட்ட இதே கதைதான், சுளகு மட்டும்தான் வேறு.

நானும் பெரிய யோக்கியம் இல்லை. வீட்டிலிருந்து கார், காரிலிருந்து கிளினிக், உள்ளே ஏசி. போன வருஷம் என் ரத்தத்தையும் சும்மா கொடுத்துப் பார்த்தேன், 13.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்திருக்கிறேன். பல வருஷமாக எல்லாரிடமும் "காலையில இளவெயில்ல நில்லுங்க" என்றே சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். சொன்னபடி ஆறரை மணிக்குத் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், நின்றவர்கள் மூன்று மாதம் கழித்து வந்து பரிசோதித்தால் அளவு ஏறவே இல்லை. அவர்கள் நிற்காமல் பொய் சொல்கிறார்கள் என்றுகூட நினைத்தேன், கடவுளே. தப்பு என்னுடையது.

தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர், சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் உள்ளது. நம் தோலில் கொலஸ்ட்ரால் வகையைச் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. இந்தக் கதிர் பட்டதும் அது மாறி, உடம்புச் சூட்டில் வைட்டமின் டி ஆகி, ஈரலிலும் சிறுநீரகத்திலும் இன்னும் இரண்டு மாற்றம் அடைந்து, அதற்குப் பிறகுதான் குடலிலிருந்து கால்சியத்தை இழுக்கும் வேலைக்கு வருகிறது. சூரியன் கிழக்கே தாழ இருக்கும்போது கதிர் காற்று மண்டலத்தைச் சாய்வாக, அதிக தூரம் கடந்து வர வேண்டும், அந்த வழியில் ஓசோன் இந்தக் கதிரைக் கிட்டத்தட்ட மொத்தமாகக் குடித்துவிடும். நமக்கு வந்து சேருவது வெளிச்சமும் இதமான சூடும்தான். திருப்பதியில் இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தோல் பொருளைக் குப்பிகளில் வைத்து மணிக்கு மணி வெயில் காட்டியதில், மிக நன்றாக மாறியது காலை 11 முதல் பிற்பகல் 2 மணி வரை.

மணி பார்க்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெயிலில் நின்று கீழே பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருந்தால் எலும்புக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நிழல் உங்களைவிடக் குட்டையானால் சரியான நேரம். நம் திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், மார்கழியில்கூட பத்து, பத்தேகாலுக்கே நிழல் குட்டையாகிவிடும். ஐரோப்பாவின் வட பாதியில் இருப்பவர்களுக்குக் குளிர்காலத்தில் பல மாதம் அந்த நேரமே வராது.

ஐரோப்பா என்றதும் ஒரு சங்கதி. 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர், ரிக்கெட்ஸ் வந்த பிள்ளைகளைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துக் குணப்படுத்தினார். ஒரு கைக்கு மட்டும் ஒளி காட்டியிருக்கிறார், ஒளி படாத மற்ற கையின் எலும்பும் எக்ஸ்-ரேயில் தேறி வந்திருக்கிறது. தோலில் உண்டாகிற ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகிறது என்று அப்போதே புரிந்துவிட்டது. அதனால் வலிக்கிற முழங்காலை வெயிலில் காட்ட வேண்டிய அவசியமில்லை, கையையும் முன்காலையும் காட்டினாலே போதும்.

எவ்வளவு நேரம்? நம் நிறத்துக்கு 20 முதல் 30 நிமிஷம், வாரத்தில் நாலைந்து நாள், முழங்கைக்கு மேல்வரை கையும், கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் காலும் படும்படி. கறுப்பு நிறத்துக்குக் கூடுதல் நேரம் வேண்டும், ஏனென்றால் மெலனின் என்ற நிறமியே இந்தக் கதிரைத் தடுக்கிற குடைதான். வயதானவர்களுக்குத் தோலின் உற்பத்தியே குறைந்துவிடும், அவர்கள் வெயிலை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. கண்ணாடி ஜன்னல் வழியே வருகிற வெயில் கணக்கில் சேராது, கார் கண்ணாடிக்கும் அதே கதி. பர்தா அணிகிறவர்கள், மேலப்பாளையத்தில் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள், உயரமான கைப்பிடிச் சுவர் உள்ள தட்டட்டியையோ வளவின் உள்முற்றத்தையோ பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

"கறுத்துருவேனே டாக்டர்" என்று கல்யாணத்துக்கு இருக்கிற பிள்ளைகள் சொல்வார்கள், சில சமயம் பிள்ளையைவிட அம்மா சொல்வார். முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்ளட்டும், தொப்பி போடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை, கை கால் போதும். ஆனால் ஸ்கூட்டியில் போகும்போது விரல் நுனிவரை கையுறை, கண் மட்டும் தெரிய ஷால், இறங்கியதும் குடை என்று இருந்துவிட்டு இருபத்திநாலு வயதில் மாடி ஏறினால் தொடை வலிக்கிறது என்று வந்து உட்காருகிறார்களே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அப்படியானால் இளவெயில் வீணா என்றால், இல்லை. அதன் வேலை தோலில் இல்லை, கண்ணில். விழித்திரையில் பார்வைக்குச் சம்பந்தமே இல்லாமல் வெளிச்சத்தை மட்டும் அளக்கிற நரம்புச் செல்கள் கொஞ்சம் உண்டு. காலை வெளிச்சம் அவற்றில் பட்டால் மூளையில் உள்ள கடிகாரம் 'விடிந்துவிட்டது' என்று முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்ளும், இரவில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் நேரத்துக்குச் சுரக்கும், தூக்கம் வரும். வீட்டுக்குள் ட்யூப்லைட் வெளிச்சம் 100, 200 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), வெளியே வேப்பமரத்து நிழலில்கூட அது ஆயிரக்கணக்கில் இருக்கும். தூக்கம் வரவில்லை என்று மாத்திரை கேட்டு வருகிற ரிட்டையர்டு சார்மார்களை முதலில் இரண்டு வாரம் காலையில் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வரச் சொல்கிறேன். எல்லாருக்கும் கேட்காது, சிலருக்கு நன்றாகவே கேட்கிறது.

பிள்ளைகளின் கண்ணுக்கும் இது வேண்டும். சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியில் விளையாட விட்டு மூன்று வருஷம் பார்த்தார்கள். விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது நம் ஊரில் சாதாரணம் என்பதால் சொல்கிறேன்.

பச்சைப்பிள்ளைகளை வெயில் காட்டுகிற ஆச்சிமார்களிடம் ஒரு வார்த்தை. நீங்கள் செய்வதில் விஷயம் இருக்கிறது. 1950-களில் இங்கிலாந்தில் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற நர்ஸ் மஞ்சள் காமாலைப் பிள்ளைகளை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோனதில், வெயில் பட்ட இடத்தில் மட்டும் மஞ்சள் வெளுத்திருந்ததைக் கவனித்தார், இன்றைக்கு ஆஸ்பத்திரியில் வைக்கிற நீல விளக்கு அதிலிருந்து வந்ததுதான். ஆனால் மஞ்சள் வயிறு தாண்டிக் காலுக்கு இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, பிறந்து ஒரு நாளுக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தாலோ வெயிலில் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து தினம் 400 யூனிட் தனியாக உண்டு.

வெயில் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து வைட்டமின் டி மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில், புற்றுநோய் வருவதும் மாரடைப்பும் குறையவில்லை. குறைபாடு உள்ளவருக்குத்தான் அது மருந்து. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட்டைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் தடுமாற்றமுமாக வந்தவரை நான் அட்மிஷன் போட்டிருக்கிறேன். வெயிலில் அந்த ஆபத்து இல்லை, தேவைக்கு மேல் உண்டாவதை அதே வெயில் வேறு பொருளாக மாற்றிவிடும். ஆனால் கத்திரியில் பன்னிரண்டு மணிக்கு நிற்கச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சித்திரை, வைகாசியில் ஒன்பதரைக்கே நிழல் குட்டையாகிவிடும், அப்போதே முடித்துக்கொண்டு தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போய்விடலாம். வெயில் பட்டால் கூடுகிற லூபஸ் நோய் உள்ளவர்கள், டாக்ஸிசைக்ளின் மாதிரி வெயில் ஆகாத மருந்து சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டு நிற்க வேண்டும். சாப்பாட்டில் சாளை மீன், முட்டை மஞ்சள் கரு இரண்டிலும் கொஞ்சம் வைட்டமின் டி கிடைக்கும். கால்சியத்துக்குக் கேப்பை, எள்ளு, முள்ளோடு நெத்திலி.

அந்த அம்மாவுக்கு 6 என்பதால் வெயிலை மட்டும் நம்பவில்லை. வாரம் ஒரு 60,000 யூனிட் எட்டு வாரம், கூடவே கால்சியம். வெயிலைப் பற்றிச் சொன்னபோது அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். அரை மணி நேரம் என்றால் எத்தனை பீடி குறையும், அதற்கு எவ்வளவு கூலி போகும் என்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. மகள்தான் வழி சொன்னாள்: துணி துவைப்பதைக் காலையிலிருந்து பத்தரைக்கு மாற்றிக்கொள்ளலாம், எப்படியும் செய்கிற வேலைதானே.

மூன்று மாதம் கழித்து வந்தபோது பெஞ்சில் கை ஊன்றாமல் எழுந்தார். அளவு 31. துணி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது ஆவல டாக்டரம்மா, அந்நேரம் பைப்புல தண்ணி வராது. கூழ்வத்தல் போட்டேன். காக்கா வெரட்ட ஆளு வேணும்லா, பக்கத்து வீட்டு மதினியும் நானும் மாடில உக்காந்துக்கிடுவோம்" என்றவர், பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். உப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் நன்றாகப் பொரிந்தது.