ஸ்டென்ட் விலை வரம்பு: பில்லில் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட்டுக்கு, அதாவது குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய்க்கு, மருத்துவமனை கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் இதற்கு உச்சவரம்பு விதித்தது: மருந்து பூசாதது 7,260 ரூபாய், மருந்து பூசியது 29,600 ரூபாய். மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி இந்தத் தொகை திருத்தப்படுகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் 10,692.69 ரூபாயும் 38,933.14 ரூபாயும் என்று ஆனது. ஜிஎஸ்டி தனி. உள்நாட்டுத் தயாரிப்போ இறக்குமதியோ, வரம்பு ஒன்றுதான்.

பலர் இடறும் இடம் இனிமேல்தான். வரம்பு ஸ்டென்ட்டுக்கு மட்டுமே. அடைப்பை விரிக்கும் பலூன், கேத் லேப் (இந்தச் சிகிச்சை நடக்கும் அறை) கட்டணம், டாக்டர் கட்டணம் எதுவும் இதில் வராது. குழாய்க்குள் செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கதீட்டரும், அதாவது ஐவஸும், அழுத்தம் அளக்கும் எஃப்எஃப்ஆர் கம்பியும் அப்படித்தான். அவற்றின் எம்ஆர்பியை 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு.

செலவு என்பதற்காக மட்டும் ஐவஸை மறுத்துவிடாதீர்கள். ஆஞ்சியோவில், அதாவது சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படத்தில், தெரிவது சாயம் ஓடும் தடத்தின் நிழல். ஐவஸ் குழாயின் குறுக்குவெட்டையே காட்டும்: உண்மையான விட்டம் எவ்வளவு, சுண்ணாம்பு எங்கே படிந்திருக்கிறது, வைத்த ஸ்டென்ட் சுவரோடு ஒட்டி முழுதாக விரிந்ததா. சரியாக விரியாத ஸ்டென்ட்டில் மறுபடி அடைப்போ ரத்தக்கட்டியோ வரும் வாய்ப்பு கூடுதல். இடது முதன்மைக் குழாயில் ஸ்டென்ட் வைப்பதென்றால் ஐவஸ் மிகவும் பயன்படும்.

ஆனால் குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது வேறு, ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா என்பது வேறு. இரண்டாவதைச் சொல்வது எஃப்எஃப்ஆர்: சுருக்கத்துக்கு முன்னால் உள்ள அழுத்தத்தில் எவ்வளவு பங்கு அதற்கு அப்பால் இருக்கிறது என்ற கணக்கு. 0.80 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்தச் சுருக்கம் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருள். மார்பின் மேலிருந்தே டாப்ளர் எக்கோ எனும் ஒலியலைச் சோதனையில் இடது முன் இறங்கு குழாயின் ஓட்டத்தை அளக்கவும் முடியும். ஓய்வில் ஒருமுறை, ரத்தக்குழாயை விரிக்கும் அடினோசின் மருந்தை ஏற்றி ஒருமுறை ஓட்டத்தின் வேகம் பார்ப்பார்கள். இரண்டு மடங்குகூட ஏறவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். அந்தச் சோதனைக்கு முன்பு டாக்டர் சொல்லும் நேரம்வரை, வழக்கமாக 12 முதல் 24 மணி நேரம், காபி, டீ குடிக்காதீர்கள். காஃபின் அடினோசினின் வேலையைத் தடுத்து முடிவையே மாற்றிவிடும்.

அவசரமில்லாத சிகிச்சை என்றால் முன்னதாகவே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். ஐவஸோ எஃப்எஃப்ஆரோ தேவைப்பட்டால் எவ்வளவு கூடும் என்பதும் அதில் இருக்கட்டும். காப்பீட்டில் போனால் முன் அனுமதிக் கடிதத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டென்ட் விலையைப் பில்லில் தனி வரியாக, பிராண்ட் பெயர், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர், பேட்ச் எண்ணோடு காட்ட வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. ‘பேக்கேஜ்’ என்று ஒரே தொகையாகப் போட்டிருந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஸ்டென்ட் பெட்டியிலிருந்து உரித்த ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள். ‘3.0 x 28’ என்பதுபோல அளவும் (விட்டமும் நீளமும், மில்லிமீட்டரில்) லாட் எண்ணும் (பேட்ச் எண்தான்) இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பில்லோடு ஒப்பிடுங்கள். எத்தனை ஸ்டென்ட்டுக்குப் பணம் கேட்கிறார்களோ அத்தனை ஸ்டிக்கர் இருக்க வேண்டும்.

வரம்பைத் தாண்டி வாங்கியிருந்தால் பில், ஸ்டிக்கர் நகலுடன் ஆணையத்தின் ‘பார்மா ஜன் சமாதான்’ தளத்தில் புகார் செய்யலாம். கட்டணமில்லா எண் 1800 111 255.