லைசென்ஸ் ஃபீ: உரிமக் கட்டணம்

மதுரைப் பக்கம் அறுபதைத் தாண்டியவர்களிடம் ‘ரேடியோ லைசென்ஸ்’ என்றால் விளக்கம் தேவையில்லை. வீட்டில் ரேடியோ வைத்திருப்பதற்கு வருடாவருடம் தபாலாபீஸில் பணம் கட்டினால், கையடக்கப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி, அதன்மேல் தேதி முத்திரை குத்தித் தருவார்கள். 1970களில் ரேடியோவுக்கு 15 ரூபாய், டிவிக்கு 50. 1980களின் நடுவில் இந்த லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள்.

லைசென்ஸ், லத்தீன் ‘லிசென்ஷியா’விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். பொருள்: அனுமதி. ஆட்சித்தமிழில் உரிமம், ஆகவே உரிமக் கட்டணம். ‘உரிமைத் தொகை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டதா என்று பாஸ்புக்கோடு கிளம்பிவிடுவார்கள்.

பிரிட்டனில் பிபிசிக்காக வசூலிப்பதைச் சிலர் ‘சந்தா’ என்கிறார்கள். அது பொருந்தாது. சந்தா வேண்டுமென்றால் கட்டலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம். அங்கே பிபிசி பக்கமே திரும்பாதவரும், வேறு எந்த சேனலை நேரலையில் பார்த்தாலும், உரிமம் வாங்கியாக வேண்டும். 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது. நம்மூர்த் தலைக்கட்டு வரி மாதிரிதான்: திருவிழாவுக்கு வந்தாலும் வராவிட்டாலும் வீட்டுக்கு இவ்வளவு. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே 2006இல் இதை வரி என்று வகைப்படுத்திவிட்டது.

சரி, அந்தப் பணம் யார் கையில்? மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வசூலிக்கிறவர்களே செலவும் செய்து, மந்தையில் கணக்கு வாசிப்பார்கள். பிபிசி கதை வேறு. 1991 முதல் வசூல் பொறுப்பு பிபிசியுடையது. ஆனால் வசூலானதை அப்படியே எடுத்துச் செலவழிக்க முடியாது. அது அரசின் தொகுப்பு நிதிக்குப் போக வேண்டும். நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த பிறகு, உரிய அரசுத் துறை வழியாக பிபிசிக்கு மானியமாகத் திரும்பி வரும். கட்டணம் எவ்வளவு என்பதையும் அரசுதான் முடிவு செய்கிறது. எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு என்பது மட்டும் பிபிசி நிர்வாகக் குழுவின் பாடு. வருமானத்தின் அளவே அரசின் கையில் இருக்கும்போது அந்தச் சுதந்திரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது அங்கே தீராத வழக்கு.

இங்கே உரிமக் கட்டணம் போனதோடு வசூலும் போனது, செலவு போகவில்லை. 1997இல் செயல்படத் தொடங்கிய பிரசார் பாரதி இன்றும் பெரும்பாலும் மத்திய பட்ஜெட் மானியத்தை நம்பித்தான் வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்துகிறது. டிவியே இல்லாதவரும் மறைமுகமாகக் கட்டுகிறார், ரசீதுதான் கிடையாது. அப்புறம், மாதாமாதம் வீட்டுக்கு வந்து வாங்கிப் போகிற கேபிள் காசு உரிமக் கட்டணம் அல்ல. அதைத் தாராளமாகச் சந்தா என்று எழுதலாம்.