மஞ்சள் ஆச்சரியக்குறிக்கு ஃபார்மேட் மருந்தல்ல

போன வாரம் மறுபடியும் ஒன்று வந்தது. ஒரு பரிசோதனைக் கூடத்தின் பழைய கணினி, விண்டோஸ் 98. அளவீட்டுக் கருவி ஒன்றை இயக்குவதற்காக உள்ளே ஒரு ஐஎஸ்ஏ கார்டு (மதர்போர்டின் பழைய வகை ஸ்லாட்டில் செருகும் கார்டு) இருக்கிறது. வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அந்தக் கணினியில், ஃபைல்களை வெளியே எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒரு நெட்வொர்க் கார்டைச் செருகியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அளவீட்டைத் தொடங்கினாலே திரை அப்படியே நின்றுவிடுகிறது. "விண்டோஸ் கெட்டுப்போச்சு" என்று ஒருவர் சொல்ல, ஃபார்மேட் செய்தார்கள். சரியாகவில்லை. மறுபடியும் ஃபார்மேட். அப்போதும் அதே கதை.

அதற்குப் பிறகுதான் என் மேசைக்கு வந்தது. விண்டோஸுக்கு முன்பே ஓடிச் சாதனங்களைத் தயார்செய்யும் பயாஸில் ஒரே ஒரு வரியை மாற்றினேன், கருவி வேலை செய்தது. ஆனால் அந்த ஹார்ட் டிஸ்கில் இருந்த பழைய அளவீட்டுப் பதிவுகள் போய்விட்டன. பேக்கப் எங்கேயும் இல்லை. கார்டைச் செருகிய அன்றே கேட்டிருந்தால் ஒரு பதிவுகூடப் போயிருக்காது. இது முதல் தடவை என்றால் வருத்தப்பட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். திரும்பத் திரும்ப இதையே பார்ப்பதால் எழுதுகிறேன்.

இரண்டு கார்டுகள் ஒரே ஐஆர்கியூவையோ (சாதனம் பிராசஸரைக் கூப்பிடும் எண்ணிட்ட லைன்) ஒரே முகவரியையோ (பிராசஸர் சாதனத்தோடு பேசும் போர்ட் எண்) பிடித்துக்கொண்டால் வருவதுதான் கான்ஃப்ளிக்ட், அதாவது மோதல். அந்த ஒதுக்கீடு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பழைய ஐஎஸ்ஏ கார்டாக இருந்தால், கார்டின் மேலேயே இருக்கும் ஜம்பரில். இரண்டு ஊசிகளை இணைக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் தொப்பி, நீங்கள் எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் இம்மியும் நகராது. ஐஎஸ்ஏவுக்குப் பின் வந்த பிசிஐ வகை கார்டாக இருந்தால், விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்பே பயாஸ் அதற்கு ஒரு ஐஆர்கியூவை ஒதுக்கிவிடுகிறது. பயாஸின் அமைப்புகள் மதர்போர்டில் தனியாக இருக்கின்றன, ஹார்ட் டிஸ்கில் இல்லை. எந்த ஸ்லாட் எந்த ஸ்லாட்டோடு லைனைப் பகிர்கிறது என்பது போர்டில் ஓடும் செம்புக் கோடுகளில் இருக்கிறது. இவை எதுவுமே ஹார்ட் டிஸ்க் இல்லை! அப்புறம் எதற்காக ஹார்ட் டிஸ்கைத் துடைக்கிறீர்கள்?

"ஒருமுறை ஃபார்மேட் செய்ததும் எனக்குச் சரியாகிவிட்டதே" என்பார்கள். ஆகியிருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவும்போது அது எல்லாச் சாதனங்களையும் புதிதாகத் தேடுகிறது. ஒதுக்கீடு வேறு மாதிரி விழுந்திருக்கும், அல்லது சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரில் பழையது ஒன்று ஒழிந்திருக்கும். விண்டோஸில் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் பதிவை மட்டும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்திருந்தாலும் பெரும்பாலும் அதேதான் நடந்திருக்கும். உங்கள் ஃபைல்களும் உயிரோடு இருந்திருக்கும். விண்டோஸ் 98-ல் ஒரு முறை சேஃப் மோடில் (மிக அவசியமான டிரைவர்களோடு மட்டும் துவங்கும் நிலை) போய் டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள். கழற்றி எறிந்த கார்டுகளின் பதிவுகள்கூட அங்கே இருக்கும், ஒரே கார்டு இரண்டு தடவை இருப்பதும் உண்டு. கணினியில் இல்லாதவற்றை நீக்குங்கள், போதும்.

இன்னொன்று, டிவைஸ் மேனேஜரில் கோளாறான சாதனத்தின் பக்கத்தில் தெரியும் அந்த மஞ்சள் ஆச்சரியக்குறி ஒரே நோயின் அடையாளம் இல்லை. சாதனத்தின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் உள்ளே ஒரு கோட் எண் இருக்கும். கோட் 12 என்றால் அந்தச் சாதனத்துக்குக் காலியான ஐஆர்கியூ, முகவரி போன்ற ஏதோ ஒன்று கிடைக்கவில்லை. விண்டோஸ் 98-ல் கோட் 15 வந்தால் அது நேரடியாகவே கான்ஃப்ளிக்ட். கோட் 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை, கான்ஃப்ளிக்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோட் 22 என்றால் யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள், விண்டோஸ் 98-ல் அதற்கு ஆச்சரியக்குறிக்குப் பதில் சிவப்பு எக்ஸ் குறி தெரியும். கோட் 10 மட்டும் கொஞ்சம் குழப்பும். சாதனம் தொடங்கவில்லை என்று மட்டும்தான் அது சொல்லும், காரணத்தை நாம்தான் தேட வேண்டும். போனில் கூப்பிடுகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இந்த எண்தான். எண்ணைப் படிக்காமலே மூன்று டிரைவர் சிடிக்களை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம்.

பழைய கணினியில் ஐஆர்கியூ மொத்தமே 16தான், 0 முதல் 15 வரை. 1984-ல் வந்த ஐபிஎம் பிசி ஏடி வகுத்த கணக்கு அது. அதில் டைமர், கீபோர்டு, ஃப்ளாப்பி, கடிகாரம், ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ் இணையும் இரண்டு ஐடிஇ சேனல்கள் என்று பாதிக்கு மேல் ஏற்கெனவே போய்விடும். சீரியல் போர்ட்டுகளில் காம் 1-ம் காம் 3-ம் இரண்டுமே 4-ஐக் கேட்கும், காம் 2-ம் காம் 4-ம் 3-ஐக் கேட்கும். மோடம் டயல் செய்ய ஆரம்பித்ததும் சீரியல் மவுஸ் நின்றுவிடுகிறது என்றால், மவுஸை வாங்கி மாற்றாதீர்கள். மோடம் காம் 3-ல் இருக்கிறதா என்று பாருங்கள்.

முகவரியில் வரும் மோதல்கள் இன்னும் ஏமாற்றும், ஏனென்றால் எல்லோரும் ஐஆர்கியூவை மட்டுமே பார்க்கிறார்கள். சவுண்ட் பிளாஸ்டர் 16 என்ற சவுண்ட் கார்டின் மிடி போர்ட் (இசைக் கருவிகளுக்கானது) வழக்கமாக 330-ல் உட்காரும். டிஸ்க்குகளை இணைக்கும் அடாப்டெக் 1542 ஸ்கஸி கார்டின் வழக்கமான இடமும் 330தான். இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் ஒன்று நகர்ந்தே ஆக வேண்டும். என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு 300 என்று சொன்னாலும் அங்கிருந்து 32 இடங்களை வளைத்துக்கொள்ளும். "இன்னொரு கார்டை 310-ல் வைத்திருக்கிறேன், அதுதான் வேறு எண்ணாச்சே" என்று சொல்வார்கள். இவையெல்லாம் 16-ஐ அடிப்படையாகக் கொண்ட ஹெக்ஸ் எண்கள், அந்த 32 இடங்கள் 300 முதல் 31F வரை போகும், 310 அதற்குள்தான் வருகிறது. 320-க்கு மாற்றுங்கள், அதையும் வேறு கார்டு பிடிக்கவில்லை என்று பார்த்துவிட்டு.

அடுத்து, பகிர்வைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் கிராஃபிக்ஸ், யுஎஸ்பி, நெட்வொர்க் எல்லாம் ஐஆர்கியூ 9-லேயே இருக்கிறது என்று பதறிப்போய் வருவார்கள். ஏசிபிஐ (மின்சக்தியையும் சாதனங்களையும் விண்டோஸே நிர்வகிக்க உதவும் ஏற்பாடு) இருக்கும் கணினியில் அது இயல்பு. பிசிஐ சாதனங்கள் ஒரே ஐஆர்கியூவைப் பகிரும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. கணினியின் விவரங்களைக் காட்டும் விண்டோஸின் எம்எஸ்இன்ஃபோ32 கருவியில் கான்ஃப்ளிக்டையும் பகிர்வையும் ஒரே தலைப்பின் கீழ் பட்டியல் போட்டிருப்பதும் இந்தப் பயத்துக்கு ஒரு காரணம். அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஒன்று கெட்டதாகிவிடாது. அதேபோல விண்டோஸ் 98-ல் "ஐஆர்கியூ ஹோல்டர் ஃபார் பிசிஐ ஸ்டீரிங்" என்று ஒரு வரி தெரியும். அது எதிரி இல்லை, நீக்காதீர்கள். பகிர முடியாதது ஐஎஸ்ஏ கார்டுதான். அதற்கென்று தனியாக ஒரு ஐஆர்கியூ வேண்டும்.

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் நடந்ததும் இதுவே. ஜம்பர் வைத்த ஐஎஸ்ஏ கார்டு ஒன்று 5-ல் உட்கார்ந்திருப்பது பயாஸுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதற்கு வழியும் இல்லை. காலியாக இருக்கிறது என்று நினைத்து 5-ஐ பிசிஐ வகையான அந்த நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்துவிட்டது. பயாஸில் ஐஆர்கியூ 5-க்கு எதிரே 'லெகசி ஐஎஸ்ஏ' என்று வைத்து அதை ஒதுக்கிவிட்டால், பிசிஐ கார்டு வேறு எண்ணைத் தேடிக்கொள்ளும்.

சரி, நீங்களே பார்க்க நினைத்தால், கடைசியாக எதை மாற்றினீர்களோ அதிலிருந்து தொடங்குங்கள். புதிய கார்டைக் கழற்றியதும் பழையபடி ஓடுகிறதென்றால் பாதி வேலை முடிந்தது. நிறைய கார்டுகள் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்யாதீர்கள், தயவுசெய்து. பயன்படுத்தாத காம் 2, பிரிண்டர் போர்ட் ஆகியவற்றை பயாஸில் அணைத்தால் 3-ம் 7-ம் காலியாகும். தனி சவுண்ட் கார்டு போட்டவர்கள் போர்டிலேயே இருக்கும் சவுண்டை அணையுங்கள். பிறகு 'ரீசெட் கான்ஃபிகரேஷன் டேட்டா' என்ற வரி இருந்தால் ஒரு முறை அதை எனேபிள் செய்யுங்கள், பயாஸ் ஒதுக்கீட்டைப் புதிதாகப் போடும். அப்படியும் அடங்கவில்லை என்றால் பிசிஐ கார்டை வேறு ஸ்லாட்டில் செருகுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி ஸ்லாட்டை ஒட்டிய முதல் பிசிஐ ஸ்லாட் பல போர்டுகளில் கிராஃபிக்ஸ் கார்டோடு லைனைப் பகிரும். சில கார்டுகளுக்கு அது ஒத்துவராது.

சரிசெய்த கோளாறு சில நாளில் திரும்பி வந்தால் போர்டின் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் பயாஸ் பழைய நிலைக்குப் போய்விடும். நீங்கள் அணைத்ததெல்லாம் திரும்ப எழுந்துவிடும். கடிகாரம் பின்தங்குவது இதன் முதல் அறிகுறி. ஆனால் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் பயாஸின் எல்லாத் திரைகளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 486 காலத்துக் கணினிகள் பலவற்றில் ஹார்ட் டிஸ்கின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைக் கையால்தான் கொடுத்திருப்பார்கள். அது அழிந்தால் டிஸ்க் தெரியாது. அதைப் பார்த்து "ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது" என்று தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

கார்டைத் தொடும்முன் மின்கம்பியைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். ஏடிஎக்ஸ் வகை பவர் சப்ளை உள்ள கணினி அணைந்திருந்தாலும் போர்டில் 5 வோல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓடும் கணினியில் பிஎஸ்/2 (உருண்டை பிளக்) கீபோர்டையும் கழற்றிச் செருகாதீர்கள்.

இதையெல்லாம் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் வழியாக வேறு கணினியில் இணைத்து முழு இமேஜ் (டிஸ்கின் அச்சு அசலான நகல்) எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்து டிஸ்க்குகள் சில ஜிபிதான், அதிக நேரம் ஆகாது. எடுத்த இமேஜை இன்னொரு டிஸ்கில் எழுதி, அதிலிருந்து கணினி துவங்குகிறதா என்றும் பாருங்கள். துவங்கினால் பழைய டிஸ்கின் மேல் தேதி எழுதி எடுத்து வைத்துவிட்டு, சோதனைகளையெல்லாம் புதியதில் செய்யுங்கள்.