மேளம் ஏற ஏற கோமரத்தாடி

களக்காட்டுப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "மாமாவுக்குக் கால்ல கம்பி குத்தின புண்ணுதான். கிருமியைக் கொல்ல ஊசி போட்டாவளே, பெறவும் ஏண்ணே கிட்னி கெட்டுப்போச்சு?"

கிருமி மட்டும் கெடுக்கவில்லை தம்பி, மாமாவின் சொந்தக் காவல்படையும் சேர்ந்துதான் கெடுத்தது. ஊரில் 'ரத்தத்தில் விஷம் ஏறிட்டு' என்கிறோமே, அந்த செப்சிஸ் இதுதான்.

அந்தப் படையில் இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. 1975-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வைத்த பெயர். மற்ற சில வெள்ளையணுக்கள் புதுக் கிருமியை அடையாளம் கண்டு தயாராகப் பல நாள் ஆகும், இவை பிறவியிலேயே தயார். வைரஸ் புகுந்த செல்லைக் கொல்வது இவற்றின் பேர்போன வேலை. பாக்டீரியா வந்தால் கதை வேறு.

ஊர்க்கோயில் கொடையில் நடுராத்திரிச் சாமக்கொடை பார்த்திருப்பீர்கள். நையாண்டி மேளம் வேகம் எடுக்க, சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் ஏறும். அவர் ஆட்டத்தைப் பார்த்து மேளக்காரர் இன்னும் ஓங்கி அடிப்பார், அதைக் கேட்டு இவர் இன்னும் ஆடுவார், யார் யாரை ஏற்றிவிடுகிறார் என்றே தெரியாது. பாக்டீரியாவைத் தின்ற விழுங்கணு என்ற இன்னொரு வகை வெள்ளையணு, இன்டர்லூக்கின்-12, 18 என்ற சேதிப் புரதங்களை விடுகிறது. அதுதான் மேளம். கேட்டதும் கொல்லி அணு இன்டர்பெரான் காமா என்ற இன்னொரு சேதிப் புரதத்தைக் கொட்டுகிறது. அது பட்ட விழுங்கணு மூர்க்கமாகி, மறுபடி இன்டர்லூக்கினை விடுகிறது. புண்ணோடு நின்றால் இந்தக் கூத்து நல்லதே, கிருமி செத்துவிடும். உடம்பு முழுக்கப் பரவினால் ரத்தக்குழாய்கள் கசியும், அழுத்தம் விழும், ரத்தம் போதாமல் கிட்னி படுத்துவிடும். கொல்லி அணுக்களை முன்கூட்டியே நீக்கிய எலிகள் சில சோதனைகளில் அதிகம் பிழைத்திருக்கின்றன.

ஆனால் எலி எலிதான். உண்ணிக்காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் முற்றி செப்சிஸாகி வரும் நம் பக்கத்து நோயாளிகளின் ரத்தத்தில் இதைத் தேடிப் பார்க்கப் பணம் ஒதுக்கினால் என்ன என்பது என் நெடுநாள் ஆதங்கம். அப்புறம், பச்சிலை கட்டி, பார்வை பார்த்து, திருநீறு போட்டு மூன்று நாளைக் கடத்தினீர்களே, அதில் எனக்குக் கோபம்தான். காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், பேச்சு பிதற்றினால், சிறுநீர் குறைந்தால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

விடிந்தால் கோமரத்தாடி துவண்டு கிடப்பார் இல்லையா? கொல்லி அணுக்களும் அப்படித்தான். எண்ணிக்கை குறையும், மிச்சம் இருப்பவற்றுக்கும் இன்டர்பெரான் சுரக்கத் தெம்பு இருக்காது, உடம்பில் வருஷக்கணக்காகத் தூங்கிய வைரஸ்கூட எழுந்துகொள்ளும். இந்தச் சோர்வு மாதக்கணக்கில் நீடிக்கலாம். அதனால் மாமா வீட்டுக்கு வந்துவிட்டாரே என்று இந்த வருஷக் கொடைக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள்.